நன்னடத்தைக்கு ஜாமீன்

ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கோங்க தாயி. எனக்குக் காத்து மூஞ்சியில அடிச்சா கண்ணுல தண்ணியா கொட்டும். நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிறேன். கோவில்பட்டிதான் போறேன். நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு. பேச்சுத்தொணைக்கு ஆச்சு.

எம்மகன் முன்னால இருக்கான். அந்தா, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல, நீலச் சட்ட போட்டு, தலையக் கம்பியில சாச்சிருக்கான்ல, அவன்தான். கனகவேலுன்னு பேரு. தூங்குறானா, முழிச்சிருக்கானா? இங்கருந்து எனக்குச் சரியாத் தெரியல. தூங்கட்டும். காலையிலருந்து அவன் பல்லுல பச்சத்தண்ணி படல. தூத்துக்குடி கோர்ட்டுக்குப் போயிட்டு வாரோம்.

கோர்ட்டுன்ன ஒடனே ஒரு மாதிரி பாக்காதீக. களவாண்டதுக்கோ ஆளக் குத்துனதுக்கோ இல்ல. பொண்டாட்டி போட்ட கேசு. இப்ப ஊர்ல எந்த வீட்டுல இல்ல சொல்லுங்க.

மருமக பேரு பொன்மாரி. எட்டயபுரத்துப் பிள்ள. நாந்தான் பாத்துக் கட்டி வச்சேன். தீப்பெட்டி ஆபீசுல எங்கூட வேல பாத்தவளோட அண்ணன் மக. நல்லா வேல செய்வா, அதக் கொற சொல்லக் கூடாது. காலையில நான் எந்திரிக்குமுன்ன வாசத் தெளிச்சு, எனக்கு வெந்நி போட்டு வச்சிருவா. வாய் மட்டும் சும்மா இருக்காது. அவன் லாரி ஓட்டிட்டு அலுத்து வாரான், ஒண்ணு கேட்டா பேசாம இருக்கலாம்ல? இருக்க மாட்டா. ஏன், எதுக்குன்னு திருப்பிக் கேப்பா. ஆம்பளைக்குக் கோவம் வராதா? கோவம் வந்தா கை நீளத்தான் செய்யும். நான் அந்தப் பக்கம் உள்ள போயி அடுப்பப் பாத்துக்கிட்டு இருப்பேன். புருசன் பொண்டாட்டிக்குள்ள நாம போயி நிக்கக் கூடாது பாருங்க.

ஒருநா தொவைக்கிற கல்லுக்கிட்ட ரெண்டு பேருக்கும் பேச்சு வளந்துபோச்சு. அவன் தள்ளுனான்னு அவ சொல்றா. நான் உள்ள இருந்தேன். சத்தம் கேட்டு வந்து பாத்தா கீழ கெடக்கா, தோளெலும்பு ஒடிஞ்சுபோச்சு. பெரியாஸ்பத்திரிக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டரு கேட்டதுக்கு மொதல்ல என்ன சொன்னா தெரியுமா? தண்ணிக் கொடத்தோட வழுக்கி விழுந்துட்டேன்னா. அவ வாயாலேயே சொன்னா, நான் பக்கத்துலதான நின்னேன். பெறகு என்னய வெளிய போகச் சொல்லிட்டு அந்த டாக்டரம்மா தனியாக் கேட்டாக. அங்கதான் மாத்திப் பேசிட்டா. போலீசு வந்துருச்சு.

அதத்தான் நான் கோர்ட்டுல சொன்னேன். கூண்டுல ஏறி நின்னு சொன்னேன். இவ மொதல்ல வழுக்கி விழுந்தேன்னுதான் சொன்னா, பெறந்த வீட்டு ஆளுகளப் பாத்ததும் மாத்திட்டான்னு. கொடத்தோட வழுக்குறது ஊர்ல நடக்காததா? ஆனா கோவில்பட்டி ஜட்ஜம்மா நம்பல. கனகவேல் மேல குத்தம்னு சொல்லிட்டாக.

நான் அங்கனயே உக்காந்து தலையில அடிச்சிக்கிட்டேன். பிள்ள செயிலுக்குப் போயிருவானேன்னு. எங்க வக்கீலுதான், இருங்க பெரியம்மா, இது அவனுக்கு மொதக் கேசு, செயிலுக்கு அனுப்பாம நன்னடத்தையில விடச் சொல்லிக் கேப்போம்னாரு. நன்னடத்தைன்னா, இனிமே ஒழுங்கா நடந்துக்குவேன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருக்கணும். அதுக்கு ஒரு ஆளு ஜாமீன் நிக்கணும். வேற யாரு நிப்பா? பெத்தவ நான் இருக்கேன்ல. எங்கிட்ட இருக்கது அந்த ஓட்டு வீடு ஒண்ணுதான். ஆயுசு பூரா தீக்குச்சிக் கட்டை அடுக்கி வாங்கின வீடு. அதத்தான் காட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஜட்ஜம்மா செயிலுக்கு அனுப்பலியே தவிர, கட்டுப்பாடு ஒண்ணொண்ணாச் சொன்னாக. அவன் எங்கூடத்தான் இருக்கணும். ஜில்லாவத் தாண்டிப் போறதுன்னா கேட்டுட்டுத்தான் போகணும். பொன்மாரி இருக்க பக்கம் தல வச்சுப் படுக்கக் கூடாது. மாசாமாசம் நன்னடத்தை ஆபீசர் அம்மாவப் போயிப் பாக்கணும். அதுக்கும் மேல, அவ ஆஸ்பத்திரிச் செலவு, கேசுச் செலவு எல்லாத்தையும் இவன் கட்டணும். வெளிய வந்ததும் வக்கீலு எங்கிட்டச் சொன்னாரு, பெரியம்மா, இனிமே இவரு கைய ஓங்குனாருன்னு ஒரு புகார் வந்தாப் போதும், இவரு உள்ள போவாரு, உங்க வீடும் போயிரும், பாத்துக்கோங்கன்னு. நான் பாத்துக்கிறேன்யான்னேன். எம்பிள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?

பாத்துக்கிட்டேன் தாயி. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்.

லாரிக்காரரு இவன வேலைக்கு வேண்டாம்னுட்டாரு. லாரின்னா வெளியூரு போகணும்ல, ஒவ்வொரு தடவையும் ஆபீசர் அம்மாகிட்டக் கேட்டுட்டு எப்படிப் போவான்? அதனால வீட்டோட இருந்தான். ஓடிக்கிட்டே இருந்த பிள்ளைய ஒரு ரூமுக்குள்ள போட்டா என்ன செய்வான்? எரிச்சல் வரத்தான செய்யும். நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டு வாரதுக்கு லேட்டானா, எங்க போன, யாருகிட்ட என்ன சொன்னன்னு கேப்பான். என் மேல அம்புட்டுப் பாசம். பெறகு, வேலைக்குப் போக வேண்டாம்னுட்டான். கோர்ட்டுல என்னயப் பாத்துக்கோன்னுதான உனக்குச் சொல்லியிருக்கு, இருந்து பாருன்னு சொல்லிச் சிரிச்சான். செல்லையும் அவனே வச்சிக்கிட்டான். எனக்கு என்ன தாயி அதுல பேசத் தெரியும், அவங்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். சாவியும் அவங்கிட்டத்தான். கடைக்குப் போகணும்னா அவனக் கேட்டுட்டுப் போவேன். மாசா மாசம் ஆபீசர் அம்மாவப் பாக்கப் போறான்ல, அன்னைக்கு மட்டும் வெளிய பூட்டிட்டுப் போவான். காலம் கெட்டுக் கெடக்குல்ல, நான் ஒத்தையில இருக்கேன்னு ஒரு பயம் அவனுக்கு.

கையா? இதுவா? ஒண்ணுமில்ல. இது சும்மா... சேலைய இழுத்து விட்டுக்கிறேன் இருங்க. வீக்கம் வத்திருச்சு. குழம்புல உப்பு கூடிப்போச்சு, எனக்கும் வயசாகுதுல்ல, கை நிதானம் தப்பிப்போச்சு. தட்டத் தள்ளுனான், நான் குறுக்க நின்னுட்டேன். அடிக்கல தாயி. அடிக்கிறது வேற, தட்டிவிடுறது வேற. அவன் அடிச்சிருந்தா நான் இப்படி உக்காந்து பேசிக்கிட்டு இருப்பனா? பெறகு அவனேதான் தைலம் வாங்கிட்டு வந்து குடுத்தான்.

எங்க விட்டேன்? ஆங், இன்னைக்குத் தூத்துக்குடி போனது. அது அப்பீலு. குவைத்துல ஒரு வீட்டுல டிரைவர் வேல இருக்குன்னு ஏஜெண்டு ஒருத்தரு சொன்னாரு. ஆனா ஆளு மேல கேசு இல்லன்னு போலீசு எழுதிக் குடுக்கணுமாம். குத்தம்னு தீர்ப்பாகியிருக்கே, எப்படிக் குடுப்பாக? அதான் தூத்துக்குடி பெரிய கோர்ட்டுல அப்பீலு போட்டோம். குத்தமே செய்யலன்னு விடணும், இல்லன்னா அந்தக் கட்டுப்பாட்டையாவது எடுத்து வெளிய போக விடணும், கட்டச் சொன்ன செலவத் தள்ளிவிடணும். இதான் அப்பீலு.

நான் வேண்டாத சாமி இல்ல. கழுகுமலைக்கு முடி எறக்குறேன்னு வேண்டியிருக்கேன். அவன் மட்டும் குவைத்துக்குப் போயிட்டான்னு வைங்க, நான் மறுபடி தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருவேன். சாயந்தரம் வந்து கதவ நல்லாத் தெறந்து போட்டுட்டு, ரேடியோப் பெட்டியச் சத்தமா வச்சிட்டு, எனக்குப் பிடிச்ச மாதிரி புளிக்கொழம்பு வச்சு... மகன் பிரிஞ்சு போனா தாய்க்குக் கஷ்டந்தான், இல்லங்கல. இருந்தாலும் பிள்ள பொழைக்கணும்ல?

அப்பீலு நடக்கும்போது அந்த ஜட்ஜ் ஐயா ஒண்ணு கேட்டிருக்காரு. இவன் இத்தன நாளும் எப்படி நடந்துக்கிட்டான்னு ஆபீசர் அம்மா நேர்ல போயிப் பாத்து எழுதிக் குடுக்கணும்னு. அந்தம்மா வீட்டுக்கே வந்துட்டாக. சின்ன வயசுதான், உங்க வயசு இருக்கும். கனகவேல்தான் நாற்காலி போட்டான். தண்ணி மோந்து குடுத்தான். சுத்தி முத்தியும் பாத்துட்டு, தம்பி, போயி ஒரு பேனா வாங்கிட்டு வாங்க, என் பேனா எழுதலன்னாக. அவன் போனான். எனக்குத் தெரியும், அவன் கடைக்குப் போகல. பொறவாசல்ல தகரக் கதவு ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழ ஒரு சாண் எடைவெளி. அதுல அவன் கால் ரெண்டும் தெரியுது. ஆபீசர் அம்மா அதுக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்காக. நான் அதப் பாத்து உக்காந்திருக்கேன்.

அந்தம்மா நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டு, மெதுவா கேட்டாக.

"அம்மா, உங்களுக்கு எதுவும் கஷ்டம் இருக்கா? எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லலாம்."

நான் அவுக மொகத்தப் பாத்தேன், கதவுக்குக் கீழ அவன் காலப் பாத்தேன். எனக்கு என்ன கஷ்டம்மா, தங்கமான பிள்ளைன்னேன். நான் சொன்ன சொல்லத் தட்ட மாட்டான், குடியக் கூட விட்டுட்டான், என்னய உக்கார வச்சுச் சோறு போடுறான்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெம்பா வந்துச்சு, இன்னும் ரெண்டு சேத்துச் சொன்னேன். சாயந்தரமானா என்னயக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறான்னு கூடச் சொல்லிட்டேன். கையில கட்டு போட்டிருந்தேன், அதக் கேட்டாக. தண்ணிக் கொடத்தோட வழுக்கிட்டேம்மான்னேன். நம்ம பக்கம் பைப்படியெல்லாம் பாசி, உங்களுக்குத்தான் தெரியுமே. அந்தம்மா கொஞ்ச நேரம் என்னயவே பாத்துட்டு எழுதிக்கிட்டாக. அவுக பையிலருந்தே ஒரு பேனாவ எடுத்துத்தான் எழுதுனாக.

அவுக போன பெறகு கனகவேல் வந்து எந்தோள்ல கை வச்சான். நல்லாப் பேசுனம்மான்னான். அன்னைக்கு ராவு நிம்மதியாத் தூங்குனேன். தாய் நம்ம இம்புட்டு உயர்த்திச் சொல்லியிருக்கமே, ஜட்ஜ் ஐயா விட்டுருவாருன்னு.

இன்னைக்குத்தான் தீர்ப்பு.

கோர்ட்டுல அவளும் வந்திருந்தா. பொன்மாரி. அந்தத் தோள் கொஞ்சம் சாஞ்ச மாதிரிதான் இருக்கு இன்னமும். எட்டயபுரத்துல தையல் கடை போட்டிருக்காளாம், மூஞ்சி தெளிஞ்சு கெடக்கு. வெக்கம் இருக்கா பாருங்க, புருசன் கோர்ட்டு வாசல்ல வாடி வதங்கி நிக்கான், இவ பளிச்சுன்னு சேல கட்டி வாரா.

ஜட்ஜ் ஐயா நல்ல மனுசன். பொறுமையாப் பேசுறாரு. குத்தம் குத்தந்தான், கீழ்க்கோர்ட்டு சொன்னது சரின்னுட்டாரு. செயிலுக்குப் போகாம வீட்டுல இருக்க விட்டதே பெரிய விசயம், அந்தச் செலவையும் கட்டித்தான் ஆகணும்னுட்டாரு. சரி, வெளிய போகவாவது விடுவாருன்னு பாத்தேன். அப்பத்தான் அந்தக் காயிதத்தப் பெரட்டிப் பாத்துட்டு, இவங்க அம்மா வந்திருக்காங்களான்னு கேட்டாரு. முன்னால போயி நின்னேன். பேரென்னன்னாரு. சுப்புத்தாய், ஐயான்னேன்.

"உங்களப் பத்தி ஆபீசர் நல்லா எழுதியிருக்காங்கம்மா," ன்னு சொன்னாரு. "நீங்க கூட இருக்கிறதாலதான் உங்க மகன் ஒழுங்கா இருக்கார். அத நான் ஏன் கலைக்கணும்? அவர் உங்க வீட்டுலேயே உங்க கண்ணு முன்னாலேயே இருக்கட்டும். நீங்க பாத்துக்கோங்க."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பின்ன என்ன செய்ய? அம்புட்டுப் பேரு முன்னால ஒரு ஜட்ஜு நம்மள மெச்சுறாரு. வக்கீலுமாருக எல்லாம் திரும்பி என்னயப் பாக்காக. ஒரு அம்மா சிரிச்சாக கூட. எனக்குத்தான் உள்ள என்னமோ பொளபொளன்னு உதுந்து விழுற மாதிரி இருந்துச்சு. ஐயான்னு ஒரு வார்த்த வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு அடுத்த கேசக் கூப்பிட்டுட்டாரு.

வெளிய வந்ததும் வக்கீலு, மதுரை ஐகோர்ட்டுக்குப் போலாம், அதுக்கு நாள் ஆகும்னுட்டுப் போயிட்டாரு. கனகவேல் சுவத்துல சாஞ்சு நின்னான். கத்துவான்னு பாத்தேன். கத்தல. எல்லாம் உன் வாயாலதான், கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறான், அது இதுன்னு அள்ளி விட்டேல்லன்னான். மெதுவாத்தான் சொன்னான். அம்புட்டுத்தான் அவன் சொன்னது. அவன் சத்தம் போட்டா எனக்கு ஒண்ணுமில்ல தாயி. பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கும்.

அவன் பாத்ரூம் பக்கம் போன நேரம் பாத்து அவ வாரா. பொன்மாரி. எனக்கு முன்னால வந்து நிக்கா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவ எங்கைய எடுத்து, சேலைய ஒதுக்கிப் பாத்தா. அவளுக்கு அம்புட்டு உரிம யாரு குடுத்தா?

"கொடத்தோட வழுக்கிட்டீகளா அத்த?" ன்னா.

நான் சேலைய இழுத்து மூடுனேன்.

"அத்த, நான் உங்க மேல கோவத்துல வரல. எட்டயபுரத்துல பஸ் நிக்கும். பின்வாசல் வழியா எறங்கிருங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புலதான் என் தையல் கடை. நாளைக்கு நானே ஆபீசர் அம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன். வீடு போனாப் போகுது, என் வீடு இருக்கு."

எவ்வளவு திமிரு பாருங்க. எம்பிள்ளைய உள்ள தள்ளுறதுக்கு என்னயவே சாட்சியாக் கூப்பிடுறா. நான் கைய வெடுக்குன்னு உருவிக்கிட்டேன். போடி, ஒன் சோலியப் பாருன்னேன். அவ போகல. அவன் வார சத்தம் கேட்ட பெறகுதான் போனா. போறப்ப எங்கைய இப்படித் தடவிட்டுப் போனா. அதுதான் எனக்கு... சரி, விடுங்க.

அவ அன்னைக்கு அந்த ஒத்த வார்த்தையப் பொறுத்துப் போயிருந்தா இம்புட்டும் வந்திருக்குமா? அவ வீட்டுல இருந்திருந்தா அவன் கோவம் அவளோட போயிருக்கும்ல. நான் பாட்டுக்கு அடுப்பப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

இது என்ன ஊரு தாயி? எட்டயபுரமா? அதுக்குள்ள வந்துருச்சா. இங்க கொஞ்ச நேரம் நிப்பாட்டுவான்ல. பின்வாசல் இதுதானா? படி ரொம்ப உசரமோ? இல்ல, சும்மா கேட்டேன். அந்தா எதுத்தாப்புல ஒரு தையல் கடை தெரியுதுல்ல, பச்சப் போர்டு. பூட்டியா இருக்கு, தெறந்திருக்கா? பாத்துச் சொல்லுங்க. ஓ, வெளக்கு எரியுதோ. அவ நமக்கு முந்துன வண்டியில வந்துட்டா போல. உங்க பைய ஒரு நிமிசம் ஒதுக்குறீகளா, நான் காலக் கொஞ்சம்...

இல்ல, இருக்கட்டும். கனகவேல் எந்திரிச்சிட்டான். பாருங்க, இந்தப் பக்கம்தான் பாக்கான். நீங்க அவனப் பாக்காதீக. கீழ எறங்குறான். எங்க போறான்? டீக்கடைக்கா? ஆமா, டீதான் வாங்குறான். ரெண்டு காயிதக் கப்பு. உங்க ஜன்னலுக்குத்தான் வாரான் தாயி, கொஞ்சம் தள்ளிக்கோங்க.

குடுய்யா. நீ குடிச்சியா? சரிய்யா. சரிய்யா.

பாத்தீகளா. மகன்னா அப்படி. தாய்க்குத் தொண்ட வறண்டு கெடக்கும்னு அவனுக்குத் தெரியுது. என்ன சொன்னான்னு கேட்டீகளா? குடிம்மா, வீட்டுக்குப் போயிப் பேசிக்கிருவோம்ங்கிறான். எவ்வளவு பதமாச் சொல்றான் பாருங்க. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னான். ஐயோ, உங்க சேலையில பட்டுருச்சா? வண்டி எடுக்கவும் கை ஆடிப்போச்சு. தொடச்சுக்கோங்க தாயி, இந்த முந்தானையில தொடச்சுக்கோங்க.

அவனும் ஏறிட்டான், வண்டி கிளம்பிருச்சு. அந்தா, கடையெல்லாம் பின்னால போகுது.

அடுத்து கோவில்பட்டிதான், இல்ல? நீங்க கோவில்பட்டியில எந்தப் பக்கம்? உங்க வீட்டுல தேடுவாகளா? இல்ல, அவசரமாப் போகணுமான்னு கேட்டேன். எங்க வீடு பஸ் ஸ்டாண்டுலருந்து பக்கந்தான், நடந்தே போயிரலாம். ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்களேன். காப்பி கூட வேண்டாம்னா சும்மா வந்து உக்காருங்க. வெளியாளு இருந்தா அவன் ரொம்ப மரியாதையா நடந்துக்குவான், நீங்களே பாப்பீக. தோச ஊத்தித் தாரேன். சாப்பிட்டுட்டு, செத்த நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டு, அவன் தூங்குன பெறகு போங்க தாயி. வாரீகளா?